ஒரே ஆள் செய்யும் "வீடியோ கேம்": வீட்டுக்குச் சோறு போடுமா?

குமுளி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது, லோயர் கேம்ப்.

முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், ராட்சதக் குழாய்கள் வழியாக மலையில் இருந்து இங்கே இறங்குகிறது. அந்த வேகத்தில் யந்திரங்கள் சுழல்கின்றன. மின்சாரம் பிறக்கிறது. தண்ணீர் அதோடு நிற்பது இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பாய்ந்து, நெல்லையும் திராட்சையையும் விளைவிக்கிறது.

விளைந்த பொருள் வெளியூர் போக வேண்டும் என்றால் லாரி வேண்டும். மலை ஏறினால் கேரளம். கீழே போனால் கம்பம், தேனி, மதுரை.

லாரியே வேண்டாத சரக்கு ஒன்று உண்டு. அதுதான் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஆடும் "வீடியோ கேம்".

மின்சாரம், ஒரு கம்ப்யூட்டர், இன்டர்நெட் - இந்த மூன்றும் போதும். லோயர் கேம்பில் ஓர் அறையில் உட்கார்ந்து செய்த விளையாட்டை, அமெரிக்காவில் இருப்பவர் அடுத்த நிமிடமே வாங்கலாம். பெரிய கம்பெனி தேவை இல்லை. ஒரே ஆள் செய்து, ஒரே ஆள் விற்கலாம்.

"நான் கேம் செய்யப் போகிறேன்" என்று வீட்டில் மகனோ, மகளோ சொன்னால் பெற்றோர் என்ன செய்வது? தட்டிக் கொடுப்பதா? தடுத்து நிறுத்துவதா?

சூதாட்டம் வேறு!

"கேம்" என்றதுமே பல தாய்மார்கள் நடுங்குகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் பல குடும்பங்களைக் கடனில் தள்ளின. உயிர்களும் பறிபோயின.

ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டம், தமிழக சட்டசபையில் 2022-ம் ஆண்டு நிறைவேறியது. 2023 ஏப்ரலில் கவர்னரின் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமும் நாடு முழுவதற்குமாக ஒரு சட்டம் செய்தது. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தை நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 கோடி வரை அபராதம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

அதே சட்டம், பணயம் இல்லாத விளையாட்டுகளை வளர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது!

ஆகவே இரண்டும் ஒன்று அல்ல. சூதாட்டத்தில், ஆடுகிறவர் பணத்தைப் பணயம் வைக்கிறார். மற்றதில், கதைப் புத்தகம் வாங்குவது போல விலை கொடுத்து வாங்கி ஆடுகிறார். அதில் இழக்க எதுவும் இல்லை.

ஆனால் விளையாட்டைச் செய்கிறவரும் ஒன்றைப் பணயம் வைக்கிறார். அது பணம் அல்ல, வயது! இந்தத் தொழிலில் குடும்பம் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

நாலரை ஆண்டு உழைப்பு

எரிக் பரோன் என்பவர் அமெரிக்க வாலிபர். 2011-ம் ஆண்டு கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்தார். வேலை கிடைக்கவில்லை. பயிற்சிக்காக ஒரு விளையாட்டைச் செய்யத் தொடங்கினார். அது நாலரை ஆண்டு நீண்டது!

படம் வரைந்தவர் அவரே. கதை எழுதியவர் அவரே. இசை அமைத்தவரும் அவரே. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதியதும் அவரே.

விளையாட்டின் பெயர் "ஸ்டார்டியூ வேலி". பட்டணத்து வேலையை விட்டவர், தாத்தாவின் நிலத்துக்குத் திரும்பி வந்து விவசாயம் செய்வதுதான் கதை. விதைக்கலாம், தண்ணீர் ஊற்றலாம், அறுவடை செய்து விற்கலாம். அதில் திராட்சையும் உண்டு. கம்பத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டிய கதை அல்ல!

2016 பிப்ரவரியில் அது விற்பனைக்கு வந்தது. இரண்டே மாதத்தில் 10 லட்சம் பிரதிகள் விற்றன. 2024 டிசம்பரில், விற்ற பிரதிகள் 4 கோடியைத் தாண்டிவிட்டன.

இந்தக் கதையைக் கேட்டுத்தான் பல வாலிபர்கள் களத்தில் குதிக்கிறார்கள். ஆனால் பாதிக் கதையைத்தான் கேட்கிறார்கள்.

அந்த நாலரை ஆண்டு அவர் எப்படிச் சாப்பிட்டார்? மாலை நேரத்தில் ஒரு தியேட்டரில் வேலை பார்த்தார். அவருடைய காதலி சம்பாதித்து, வீட்டுச் செலவைத் தாங்கினார்.

லோயர் கேம்பில் பென்னிகுயிக்கின் மணிமண்டபம் இருக்கிறது. பெரியாறு அணைக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். "தனி ஆள் செய்த விளையாட்டு" என்பதும் அப்படித்தான். பெயர் ஒருவருடையது. பாரம் ஒரு குடும்பத்தினுடையது.

இட்லிக்குக் கிடைத்த பரிசு

நம்மவர்கள் யாராவது வென்றார்களா? வென்றிருக்கிறார்கள்.

கனடாவில் டொராண்டோ நகரில் "விசை கேம்ஸ்" என்ற சிறு குழு இருக்கிறது. அதை நடத்துகிறவர் அபி என்ற தமிழர். அவர்கள் 2023 ஜூலையில் வெளியிட்ட விளையாட்டின் பெயர் "வெண்பா".

1980-களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் கதை அது. அம்மா கொடுத்த சமையல் குறிப்பு கிழிந்து போய்விடுகிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்து, இட்லி அவிக்க வேண்டும். புட்டு செய்ய வேண்டும். மகனோ தமிழை மறந்து வருகிறான்.

ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை. ஆனாலும் 2024-ம் ஆண்டு இங்கிலாந்தின் "பாஃப்டா" பரிசு, முதல் படைப்புக்கான பிரிவில், அதற்குக் கிடைத்தது.

இது தனி ஆள் செய்தது அல்ல. ஆனாலும் தனி ஆளுக்கு இதில் பாடம் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் செய்ய முடியாத ஒன்றை, அவர்கள் தங்கள் வீட்டு அடுப்பங்கரையில் கண்டுபிடித்தார்கள். அதையும் சிறியதாகச் செய்தார்கள்.

கமிஷன் மண்டி

செய்தாகிவிட்டது. எங்கே விற்பது?

திராட்சைக்குக் கமிஷன் மண்டி இருப்பது போல, விளையாட்டுக்கும் மண்டி உண்டு. கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் பெரிய கடை "ஸ்டீம்". ஒரு விளையாட்டைக் கடையில் வைக்க 100 டாலர் கட்ட வேண்டும். விற்பதில் 100-க்கு 30 பங்கைக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார்.

செல்போன் விளையாட்டுக்குக் கூகுள் கடை இருக்கிறது. ஒரு முறை 25 டாலர் கட்டினால் போதும். சிறிய வியாபாரிகளிடம் 100-க்கு 15 என்று கமிஷன் வாங்கி வந்தது. புதிதாக வரும் தனி ஆளுக்கு ஒரு நிபந்தனையும் வைத்தது. குறைந்தது 12 பேர், 14 நாட்கள் தொடர்ந்து சோதித்துப் பார்க்க வேண்டும். 12 நண்பர்களைச் சேர்க்க முடியாதவர் கடைக்குள்ளேயே நுழைய முடியாது!

விளையாட்டைச் செய்யும் கருவிகளுக்குப் பணம் வேண்டாம். "கோடோ" என்ற கருவி இலவசம். படம் செய்ய உதவும் "பிளெண்டர்" இலவசம்.

அப்படியானால் கஷ்டம் எங்கே இருக்கிறது?

அழுகாது, புதைந்துவிடும்

கம்பம் பன்னீர் திராட்சை 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அவ்வளவு பெயர் இருந்தும், எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் வெட்டினால் விலை விழுந்துவிடும். விவசாயிக்கு இது தெரியும்.

விளையாட்டுச் சந்தையிலும் அதே கதைதான். "ஸ்டீம்" கடையில் மட்டும் 2024-ம் ஆண்டில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புது விளையாட்டுகள் வந்தன. அதாவது, தினமும் ஏறக்குறைய 50! திராட்சை அழுகிவிடும். விளையாட்டு அழுகாது, ஆனால் குவியலுக்கு அடியில் புதைந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விளையாட்டின் விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 500 பேர் வாங்கினால் ஒரு லட்சம் ரூபாய். கடைக்காரருக்கு 30 ஆயிரம் போனால், மீதி 70 ஆயிரம். வரி, தள்ளுபடி எல்லாம் தனி. பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு.

அந்த விளையாட்டைச் செய்ய 2 ஆண்டு ஆகியிருந்தால்? மாதத்துக்கு 3 ஆயிரம் ரூபாய்கூடத் தேறவில்லை!

அதே விளையாட்டைச் சிறியதாக்கி, 3 மாதத்தில் செய்திருந்தால்? அதே பணம், மாதம் 23 ஆயிரத்துக்கு மேல் ஆகிறது. தோற்றுப் போனாலும், போனது 3 மாதம்தான்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பிள்ளையைத் தடுக்க வேண்டாம். கம்ப்யூட்டரை மூடி வைக்கவும் வேண்டாம். விளையாட்டைச் செய்யும் பிள்ளை, கணக்கு, படம், கதை, கம்ப்யூட்டர் மொழி எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறது. விளையாட்டு விற்காவிட்டாலும், கற்ற வித்தை வேறு வேலைக்கு உதவும்.

ஆனால் ஒரு வரம்பு வேண்டும். படிப்பையோ வேலையையோ விட்டுவிட்டு இறங்கக்கூடாது. நகையை அடகு வைக்கக்கூடாது. முதல் விளையாட்டு 3 மாதத்தில் முடிய வேண்டும். பாதி முடிந்ததுமே அண்டை வீட்டாரிடம் கொடுத்து ஆடச் சொல்ல வேண்டும். அவர்கள் கொட்டாவி விட்டால், உலகமும் கொட்டாவி விடும்!

சர்க்காருக்கும் கடமை இருக்கிறது. அனிமேஷன், கேம் தொழில்களை வளர்க்கத் தனிக் குழு அமைக்கப்படும் என்று 2022-ம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் பயிற்சி பெரிய நகரங்களோடு நின்றுவிடக்கூடாது. கம்பத்திலும், போடியிலும், உத்தமபாளையத்திலும் படிக்கும் பிள்ளைகளுக்கும் அது எட்ட வேண்டும்.

ஆடு புலி ஆட்டமும் பல்லாங்குழியும் தமிழர்கள் ஆடி வந்த விளையாட்டுகள். தரையில் கோடு கிழித்தால் ஆட்டம். கூழாங்கல் கிடைத்தால் காய். விளையாட்டைக் கண்டுபிடிக்கும் மூளைக்கு நம்மிடம் பஞ்சம் இல்லை. வேண்டியது ஒன்றுதான். எத்தனை நாள் உழைப்பது, எப்போது நிறுத்துவது என்ற கணக்கு. கோடு கிழிப்பதற்கு முன்பே அந்தக் கணக்கைப் போட்டுவிட்டால், பிள்ளை தோற்றாலும் வீடு தோற்காது.