கைநாட்டும் கைமுத்திரையும்

தேவதானப்பட்டியில் மூங்கிலணைக் காமாட்சி அம்மன் சந்நிதிக் கதவு திறப்பதில்லை. சாத்திய கதவுக்கே பூஜை, தீபாராதனை எல்லாம். சென்ற மாதம் அந்தக் கதவைத் தரிசித்துவிட்டு ஊருக்குள் திரும்பியபோது, பழனி என்னும் முதிய குடியானவர் என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, ஒரு காகிதத்தை நீட்டினார். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய சிவப்பு வட்டம். அதற்குள் மூன்று எழுத்துக்கள்.

"ஜப்பானிலிருந்து மகன் அனுப்பியிருக்கிறான். இது என் பேராம். வாஸ்தவந்தானா, ஐயா?" என்று கேட்டார்.

வாஸ்தவந்தான். ஜப்பான் தேசத்தில் கையெழுத்தைவிடப் பெயர் முத்திரைக்கு மதிப்பு அதிகம். அந்நியர்கள் கையெழுத்திட்டாலே போதும் என்று 1899-ம் வருஷத்திலேயே அங்கே சட்டம் செய்துவிட்டார்கள். 2020-ல் ஸர்க்கார் காரியங்கள் பெரும்பாலானவற்றிலிருந்து முத்திரையை நீக்கவும் தீர்மானித்தார்கள். ஆனாலும் வீடு, நிலம் கைமாறும்போது நகராட்சியில் பதிவு செய்த முத்திரைக்கு மவுசு குறையவில்லை. மரத்திலோ கொம்பிலோ செதுக்கியிருக்கலாம். அமுக்கினால் உருமாறும் ரப்பர் கூடாது. அகலம் எட்டு மில்லிமீட்டருக்குக் குறையவும் கூடாது, இருபத்தைந்துக்கு மிஞ்சவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குடியிருப்போர் பதிவேட்டில் கண்ட பெயராக அது இருக்க வேண்டும்.

இங்கேதான் தமிழனுக்குச் சங்கடம். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பனார் பெயரே பாஸ்போர்ட்டில் அந்த ஸ்தானத்தில் ஏறிவிடுகிறது. தன் பெயர், குடும்பப் பெயர் இரண்டில் எதையும் செதுக்கிக் கொள்ளலாம் என்றபோது, பிள்ளையாண்டான் தகப்பனார் பெயரையே செதுக்கச் சொல்லியிருக்கிறான். ஆனால் ஜப்பானிய பாஷையில் ல, ள, ழ, ர, ற எல்லாம் ஒரே எழுத்துத்தான். ஆகவே பழனி அங்கே 'பரனி' ஆகிவிட்டார்!

முத்திரை நமக்குப் புதிதா, என்ன? தேவதானம் என்றால் கோயிலுக்கு விட்ட நிலம். சோழ மன்னர்கள் அத்தகைய தானங்களைச் செப்பேடுகளில் எழுதி, வளையத்தில் கோத்து, புலியும் மீனும் வில்லும் பொறித்த முத்திரை வைத்தார்கள். கரூர் அமராவதிப் படுகையில் பெயர் வெட்டிய பழைய மோதிரங்கள் கிடைத்திருக்கின்றன.

இவற்றையெல்லாம் நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாக, "வீடு வாங்கத்தான் இந்த முத்திரையாம். அங்கே வீடு வாங்கிவிட்டால் இங்கே திரும்பி வருவானா, ஐயா?" என்றார்.

எனக்குப் பதில் தோன்றவில்லை.

அவர் தமது இடது கைப் பெருவிரலைப் பார்த்துக்கொண்டார். மகனைப் படிக்க வைப்பதற்காக, மஞ்சளாற்றுப் பாசனத்திலிருந்த ஒரு துண்டு நிலத்தை விற்றபோது ரிஜிஸ்தர் கச்சேரியில் மசியில் தோய்த்த விரல் அது. தம் பெயரை எழுத அவருக்கு இன்றுவரை தெரியாது.

காகிதத்தை நாலாக மடித்து, நிலப்பத்திரங்கள் இருந்த தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அந்தப் பெட்டியில் அவருடைய பெயர் எழுத்தாகப் பதிந்து, கைரேகை இல்லாமல் இருக்கும் காகிதம் அது ஒன்றுதான்.