சாவோலா: யாரும் குறிவைக்காத மிருகம்

சாவோலான்னு ஒரு மிருகம். நீளமா, நேரா ரெண்டு கொம்போட பார்க்க இரலை மாதிரி இருக்கும், ஆனா மரபணுப்படி மாட்டுக்குத்தான் நெருங்கின சொந்தம். வியட்நாமுக்கும் லாவோஸுக்கும் நடுவுல இருக்கிற அன்னமைட் மலைக்காட்டை விட்டா உலகத்துல வேறெங்கும் கிடையாது. 1992-ல வூ குவாங் காட்டுப் பக்கம் ஆய்வுக்குப் போனவங்க, வேட்டைக்காரங்க வீட்டுல மாட்டியிருந்த கொம்புகளைப் பார்த்துத்தான் இப்படி ஒண்ணு இருக்குன்னு விஞ்ஞானத்துக்கே தெரிஞ்சது. (ஊர்க்காரங்களுக்கு எப்பவோ தெரியும், அது வேற விஷயம்.)

கடைசியா 2013 செப்டம்பர்ல தானியங்கி கேமராவுல ஒரு படம். அதுக்கப்புறம் படமே இல்லை. பிடிச்சு வெச்சுப் பார்த்ததுல கிட்டத்தட்ட எல்லாமே செத்துப்போச்சு. இன்னிக்கு எந்த மிருகக்காட்சிசாலையிலயும் ஒண்ணுகூடக் கிடையாது.

எனக்கு உறுத்தற விஷயம் இதுதான்: புலிக்கும் காண்டாமிருகத்துக்கும் இருக்கிற மாதிரி சாவோலாவுக்கு மருந்துச் சந்தையே இல்லை. யாரும் அதைத் தேடிப் போறதும் இல்லை. காட்டுப்பன்னிக்கும் கேளையாட்டுக்கும் வைக்கிற கண்ணியில கால் மாட்டிச் சாகுது. கண்ணின்னா பெரிய சமாச்சாரமில்லை. பழைய பிரேக் கம்பி, வளைச்சுக் கட்டின இளமரம், அவ்வளவுதான். எது வருதோ அதைப் பிடிக்கும். அப்புறம் ‘சாவோலாவைக் கொல்லாதே’ன்னு சட்டம் போட்டு என்ன பிரயோஜனம்? கம்பிக்குச் சட்டம் தெரியுமா?

“ஏழை வயித்துப்பாட்டுக்கு வேட்டையாடறான், அவனைப் போய்க் குத்தம் சொல்றியே”ன்னு கேக்கலாம். நான் அவனைச் சொல்லலைங்க. கறியில பெரும்பங்கு போய்ச்சேர்றது நகரத்து ஹோட்டலுக்கு. அங்கே காட்டுக்கறி சாப்பிடறது ஒரு அந்தஸ்து. ஹ்யூ, குவாங் நாம் சாவோலா காப்பகங்கள்ல 2011-லேர்ந்து ரோந்து போறவங்க லட்சத்துக்கு மேல கண்ணிகளைப் பிடுங்கி எடுத்திருக்காங்க. பாவம், இவங்க எடுக்க எடுக்க அவங்க வைக்கிறாங்க. தட்டுல காட்டுக்கறி விழறது நிக்கிற வரைக்கும் இது ஓயாது. சோதனை போடவேண்டியது முதல்ல அந்த ஹோட்டல் சமையலறையில.

கூண்டுல வெச்சுப் பெருக்கலாம்னு ஒரு யோசனை இருக்கு. 26 சாவோலாக்களோட எச்சங்களை வெச்சு 2025-ல வெளிவந்த மரபணு ஆய்வு, அதுங்க ரெண்டு கூட்டமாப் பிரிஞ்சு கிடந்ததுன்னும், ரெண்டையும் கலந்து வளர்த்தா பிழைக்க வாய்ப்பு அதிகம்னும் சொல்லுது. நல்ல யோசனைதான், நானும் ஆதரிக்கிறேன். ஆனா அதுக்கு உயிரோட சிலது கிடைக்கணும். கிடைச்சுக் குட்டி போட்டாலும், திருப்பி விடறதுக்குக் கண்ணி இல்லாத காடு ஒண்ணு வேணுமே?