ஒரு லீற்றர் பெற்றோலுக்கு உரை வேண்டும்

மூலத்தை உரையோடு சேர்த்துப் படிக்க வேண்டுமென்று மாணவருக்குச் சொல்லுகிறோம். அதே மாணவர் மோட்டார் வண்டி விற்போரின் விளம்பர ஏட்டில் 'ஒரு லீற்றருக்கு 20 கிலோமீற்றர்' என்று கண்டால், அதனை ஆப்த வாக்கியமாகக் கொண்டுவிடுகின்றனர். சொல்லுக்கு உரை வேண்டுமெனில் எண்ணுக்கும் வேண்டும் என்பது என் கருத்து.

யப்பானிலிருந்து இலங்கைக்கு வந்த சிறுகார்களுள் ஒன்றான 'சுசுக்கி சுவிஃப்ட் டேர்போ'வை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் கொள்ளளவு 996 கன சென்ரிமீற்றர், உருளைகள் மூன்றே, வலு 102 குதிரை, முறுக்குவிசை 150 நியூட்டன் மீற்றர், பெற்றோல் தாங்கி 37 லீற்றர். சிறு எஞ்சினுக்கு இத்துணை வலு எங்ஙனம் வந்தது? வெளியேறும் புகையே ஒரு சிறு சுழலியை நிமிடத்துக்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுக்கள் சுழற்றுகிறது. அச்சுழலி காற்றை அமுக்கி உள்ளே செலுத்துகிறது. காற்று மிகும்போது பெற்றோலும் மிக வேண்டும். மெல்ல மிதித்தால் அது சிறு எஞ்சின். அழுத்தி மிதித்தால் பெரிய எஞ்சின். சிக்கனமும் வேகமும் ஒரே வண்டியில் உண்டு. ஒரே கணத்தில் இல்லை.

இனி, அந்த 20 கிலோமீற்றர் பிறந்த இடத்தைப் பார்ப்போம். அது யப்பானின் 'ஜேசி08' என்னும் பழைய சோதனையில் கிடைத்தது. கூடத்துள் உருளைகளின் மேல் வண்டி ஏறத்தாழ 20 நிமிடம் ஓடும். கடக்கும் தூரம் 8 கிலோமீற்றர் அளவு. சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர் அளவே. எதிர்க்காற்று என்பது அங்கில்லை.

எங்கள் சுருவிலுக்கோ காற்று அன்னியமன்று. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் வழியே தீவுக்குத் திரும்புகையில், சோழகக் காலத்தில் காற்று முகத்தில் அறையும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் 25 கிலோமீற்றர் வேகத்து எதிர்க்காற்றைச் சந்தித்தால், தடை ஒன்றே கால் பங்கு கூடி இரண்டே காலாகும். போகும்போது பின்காற்று ஈடுசெய்யாதோ எனில், செய்யாது. அப்போது தடை கால் பங்காகும். இரு வழியும் கூட்டினால் இரண்டரை. காற்றில்லா நாளிலோ இரண்டுதான். இதனை உயர்தர வகுப்பு மாணவர் எவரும் கணக்கிட்டுக் காணலாம்.

இஃது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 2022 இல் நாட்டில் எரிபொருள் அற்றுப்போய், 'கியூஆர்' முறை வந்தபோது, காருக்கு முதலில் வாரம் 20 லீற்றரே அளந்தார்கள். ஏட்டின்படி அது 400 கிலோமீற்றர். வீதியில் லீற்றருக்கு 14 எனின் 280. இடையிலுள்ள 120 கிலோமீற்றர், தீவிலுள்ளவனுக்குப் பெரியாசுபத்திரிக்கு ஒரு முறைக்கு மேல் போய்வரும் பயணமாகும்.

அதற்கு முன், 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், குடாநாட்டின் பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் அமுக்க விகிதம் தாழ்ந்தது, பொறுத்துக்கொண்டன. சுவிஃப்ட் டேர்போவின் விகிதம் 10. அதன்மேல் அமுக்கிய காற்று வேறு. தாழ்ந்த எரிபொருளை அது பொறுக்காது. நுட்பம் கூடக்கூட மன்னிக்கும் குணம் குறைகிறது. இந்த உண்மை எந்த விளம்பர ஏட்டிலும் அச்சாவதில்லை.

புதுமையை வேண்டாமென்பது என் நோக்கமன்று. விற்போர் எண்ணோடு சோதனையின் பெயரையும் தமிழில் அச்சிடட்டும். ஆசிரியர் அவ்வேட்டை வகுப்பிற்குக் கொண்டுவந்து, 'எங்கே அளந்தார்கள், எப்படி அளந்தார்கள்?' என்று கேட்கப் பழக்கட்டும். அவ்விரு கேள்விகளையும் கேட்கத் தெரிந்தவன் கார் வாங்கும்போது மட்டுமன்று, வேறெங்கும் எளிதில் ஏமாறான்.