சத்திரம் எங்கே போனது?



பாலக்கரையில் நின்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு கண்டக்டர் "சத்திரம், சத்திரம்" என்று கூவுகிறார். அது பேருந்து நிலையத்தின் பெயர் என்பதோடு நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது முடிந்துவிடுகிறது. சத்திரம் என்றால் என்ன என்று என் பேரனைக் கேட்டேன். "கல்யாண மண்டபம்தானே தாத்தா?" என்றான்.

கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் ஊர் போன காலத்தில் வழிப்போக்கருக்குச் சோறும் திண்ணையும் தந்த இடம் அது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரில் சத்திரம் இன்றும் இருக்கிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1802-இல் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்கு அங்கே சாப்பாடு, நோய் வந்தால் மருந்து, பிள்ளைகளுக்குப் படிப்பு. காசு கிடையாது. சாதி பார்த்துப் பந்தி பிரித்த குறை அந்தக் காலச் சத்திரங்களில் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பசியோடு வந்தவனை அனுப்பிவிடக் கூடாது என்ற எண்ணம் பெரியது.

1862-இல் திருச்சிக்கு ரயில் வந்தது. பல நாள் நடை சில மணி நேரமாயிற்று. வழியில் தங்குவோர் குறைய, சத்திரங்களும் தேய்ந்தன.

இங்கிலாந்திலும் கிராமத்துப் பழைய விடுதிகளுக்கு ரயில் வந்ததும் இதே கதிதான். ஆனால் அவற்றில் பலவற்றைப் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களாகச் சட்டப்படி பட்டியலிட்டார்கள். பல இடங்களில் இன்றும் சாப்பாடும் படுக்கையும் உண்டு. அங்கே காசு கொடுக்க வேண்டும் என்பது வேறு விஷயம். பயன்பாடு இருப்பதால் கட்டடம் நிற்கிறது.

நமக்கு இப்போது வழிப்போக்கர் இல்லையா? போன மாதம் உறவினர் ஒருவரைப் பார்க்க அரசு மருத்துவமனைக்கு இரவில் போனேன். நோயாளிக்குக் கட்டில் இருக்கிறது. துணைக்கு வந்த கிராமத்துப் பெண்கள் வாசலில் செய்தித்தாளை விரித்துப் படுத்திருந்தார்கள். அவர்கள்தான் இன்றைய வழிப்போக்கர்கள்.

பூட்டிக் கிடக்கும் பழைய சத்திரங்களைப் பழுது பார்த்து இவர்களுக்குத் திறந்துவிடலாம். சத்திரம் இல்லாத ஊரில், மருத்துவமனைக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டலாம். கட்டியவர்களின் நோக்கமும் அதுதானே?

உங்கள் ஊர்ச் சத்திரம் இப்போது என்ன நிலையில் இருக்கிறது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.