விழுக்காட்டுக்குள் மறையும் காடு

செயற்கைக்கோள் படங்களிலிருந்து வரையப்படும் நிலப்போர்வை வரைபடம், அதாவது எந்த இடத்தில் காடு, வயல், நீர்நிலை, கட்டடம் உள்ளது என்று வகைபிரித்துக் காட்டும் வரைபடம், 85 விழுக்காட்டுக்கு மேல் துல்லியம் பெற்றுவிட்டால் அதன் பரப்பளவுக் கணக்கை ஐயமின்றி ஏற்கலாம் என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. இந்திய வன அளவாய்வு நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை விமர்சிக்கப்பட்டபோது, காட்டையும் காடல்லாததையும் பிரிப்பதில் 95.79 விழுக்காடு துல்லியம் எட்டப்பட்டதாக அரசுத் தரப்பு விடையளித்தது. அந்த 85, ஆண்டர்சனும் உடன் ஆய்வாளர்களும் 1976இல் அமெரிக்க நில அளவாய்வுத் துறைக்கு வகுத்த வகைப்பாட்டு முறைக்கான குறைந்தபட்ச எதிர்பார்ப்பே தவிர, எல்லா வரைபடங்களுக்கும் பொருந்தும் விதியன்று.

மொத்தத் துல்லியம் அரிய வகைகளைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை. அதே அறிக்கையின்படி நாட்டின் அலையாத்திக் காடுகள் 4,992 சதுர கிலோமீட்டர், அதாவது நிலப்பரப்பில் சுமார் 0.15 விழுக்காடு. அவை முழுவதையும் ஒரு வரைபடம் தவறவிட்டாலும் மொத்தத் துல்லியம் அந்த அளவே குறையும். வகைவாரியாக எவ்வளவு விடுபட்டது, எவ்வளவு தவறாகச் சேர்ந்தது என்பதை வரைபடத்தையும் களத்தையும் எதிரெதிரே நிறுத்தும் பிழை அட்டவணைதான் காட்டும்.

இரு அறிக்கைகளின் வேறுபாடே காட்டின் வளர்ச்சி என்னும் வாதம் இதைவிடப் பலவீனமானது. 2019க்கும் 2021க்கும் இடையே கூடியதாகச் சொல்லப்பட்ட 1,540 சதுர கிலோமீட்டர், மொத்தக் காட்டுப்பரப்பில் 0.2 விழுக்காட்டை ஒட்டியது. வகைப்பாட்டுப் பிழையோ 4 விழுக்காட்டுக்கும் மேல். இருபுறப் பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்திருக்கலாம்தான். ஆனால் அது ஊகிக்க வேண்டியதன்று, களத்தில் நிறுவ வேண்டியது.

களத்தரவு என்பதாலேயே அது பிழையற்றதாகிவிடாது. இவ்வரைபடங்களுக்குப் படமெடுத்த செயற்கைக்கோளின் லிஸ்-3 உணரியின் ஒரு படப்புள்ளி தரையில் 23.5 மீட்டர் பக்கமுள்ள சதுரம். அடர்ந்த மரநிழலில் கைக்கருவி ஜிபிஎஸ் சில மீட்டர் விலகினாலே, காட்டோரத் தளம் பக்கத்து வயலின் புள்ளியோடு ஒப்பிடப்பட்டுவிடும். போக எளிதென்று சாலையோரத் தளங்களையே தேர்ந்தால் உட்காடு சோதிக்கப்படாமல் போகும். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரநிழல் 10 விழுக்காட்டைத் தாண்டினால் அது காடு என்னும் அந்நிறுவனத்தின் வரையறையில் பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் அடங்குவதால், வரைபடம் பிழையின்றி அமைந்தாலும் அதைக்கொண்டு இயற்கைக் காட்டை அளந்ததாகக் கூற இயலாது.

ஆகவே, குலுக்கல் முறையில் தேர்ந்த களத்தளங்களைக் கொண்டு மதிப்பிட்ட பிழை எல்லையோடு சேர்த்துச் சொல்லப்படாத எந்த வனப்பரப்பு உயர்வும் நிறுவப்பட்ட உண்மையாகாது.