கடவுச்சொல்லும் அமானிதமே!



"நம்பிக்கையான பையனிடம்தானே கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறேன், அதில் என்ன தவறு?" அலுவலகங்களிலும் கடைகளிலும், ஏன், நம் ஜமாஅத் காரியாலயங்களிலும்கூட இக்கேள்வி சர்வசாதாரணமாகிவிட்டது. தவறு இருக்கிறது. மார்க்கத்தின் பார்வையில் அது சிறிய தவறும் அன்று.

2020ஆம் ஆண்டு தமிழகத்தில் நடந்ததை நாம் மறக்கலாகாது. விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதமரின் கிசான் திட்டத்தில் தகுதியற்ற ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடாகப் பெறப்பட்டதாக வேளாண்துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். கள்ளக்குறிச்சி, விழுப்புரம் உள்ளிட்ட மாவட்டங்களில் இதற்காக எவரும் பூட்டை உடைக்கவில்லை. அலுவலர்களுக்குரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒப்பந்தப் பணியாளர், தரகர் கைகளுக்குப் போயின, அவ்வளவுதான். தரகர்கள் கைதாயினர், பலர் வேலையிழந்தனர்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் மதகுச் சாவியைப் போவோர் வருவோரிடம் கொடுத்துவிட்டால், வடகாலிலும் தென்காலிலும் பயிர் செய்வோர் பொறுப்பார்களா? பொதுப்பணத்தின் மதகுக்குச் சாவி கடவுச்சொல்தான்.

"வேலைப்பளு அதிகம், ஒருவரே எப்படிச் செய்வது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குத் தீர்வு, உதவியாளருக்கெனத் தனிக் கணக்கைக் கேட்டுப் பெறுவது. நம் பெயரில் பிறர் நுழைந்தால் அவர் செய்வதெல்லாம் நம் கையெழுத்தாகவே பதிவாகும்.

மக்கா வெற்றியின்போது கஅபாவின் சாவி நபி (ஸல்) அவர்களின் கைக்கு வந்தது. நெருங்கிய உறவினர்களே அதை விரும்பிக் கேட்டும், உரியவரான உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பி ஒப்படைத்தார்கள். அமானிதங்களை உரியவரிடம் சேர்க்கக் கட்டளையிடும் அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தை விரிவுரையாளர்கள் இந்நிகழ்வோடு இணைத்தே விளக்குகின்றனர். கேட்டவர்கள் நல்லவர்களா என்பதன்று அங்கே கேள்வி. சாவி யாருக்கு உரியது என்பதே.

வீடுகளின் நிலையும் இதுவே. பெயரோடு 786 சேர்த்தால் அது கடவுச்சொல்லாம்! ஊகிக்க வருபவன் முதலில் தட்டிப்பார்ப்பது அதைத்தான். வளைகுடாவில் பிள்ளை வியர்வை சிந்தி அனுப்பும் பணத்தின் ஏடிஎம் இரகசிய எண்ணை, அட்டையின் உறையிலேயே எழுதிவைக்கிறோம். பிறகு "அல்லாஹ் பாதுகாப்பான்" என்கிறோம். கதவைத் திறந்துபோட்டு உறங்குவதற்குத் தவக்குல் என்று பெயரில்லை.

நான்கைந்து சொற்களை இணைத்த நீண்ட கடவுச்சொல் வையுங்கள். வங்கிக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு வேறொன்று. நினைவில் நிற்காதெனில் குறிப்பேட்டில் எழுதி அலமாரியில் பூட்டுங்கள். ஓடிபி எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணியாளர் விலகும் நாளிலேயே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் அமானிதம் பேணும் நன்மக்களாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.