சத்துமாவு வீட்டுக்கு வருது, சரி... குழந்தையை யார் பார்த்துக்கிறது?

படகு கரை சேரும்போதே மீன் விற்கும் பெண்களுக்கு வேலை ஆரம்பித்துவிடும். புதுச்சேரிக்குத் தெற்கே, தவளக்குப்பத்தை அடுத்த நல்லவாடு போன்ற கடலோர ஊர்களில் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, வண்டி பிடித்து மார்க்கெட் போனால்தான் அன்றைய வருமானம். அங்கன்வாடி திறப்பதோ அதற்குப் பல மணி நேரம் கழித்து. அதுவரை ஒன்றரை வயதுப் பிள்ளை யார் இடுப்பில்?

ஆயாவிடம். இல்லாவிட்டால் அக்காவிடம், அந்த அக்காவுக்கே பத்து வயதுதான் இருக்கும். ஆயா காய்ச்சலில் படுத்தால் அம்மாவின் வியாபாரமும் படுத்துவிடும்.

அரசு ஒன்றுமே செய்யலையா?

செய்கிறது. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்தான் இன்றைய அங்கன்வாடிகளின் அடித்தளம். பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய், இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் 6,000 ரூபாய். புதுச்சேரி அரசு 2023-ல் பெண் குழந்தை பெயரில் 50,000 ரூபாய் வைப்புத் திட்டத்தையும் கொண்டுவந்தது.

எதையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பணம், மாவு, தடுப்பூசி என்று எல்லாம் இருக்கும் இந்தப் பட்டியலில் நேரம் மட்டும் இல்லை. அங்கன்வாடியில் வந்து உட்கார்ந்து படிப்பது 3 முதல் 6 வயதுப் பிள்ளைகள். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவோடு சரி. மூளை வேகமாக வளரும் வயதும் அதுதான், அம்மா வேலைக்குத் திரும்பியே ஆகவேண்டிய வயதும் அதுதான்.

ஐ.டி. கம்பெனியில் இருப்பவர்களுக்கு 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் தெரிந்திருக்கும்: 26 வாரச் சம்பள விடுப்பு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம். மீன் கூடைக்கு எச்.ஆர். கிடையாதே! புதுச்சேரி அரசு 2023-ல் தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் மூன்று வெள்ளிக்கிழமை காலையில் 2 மணி நேரச் சலுகை கொடுத்தது. அம்மாக்களுக்கு நேரம் தேவை என்பது அரசுக்குத் தெரியாத விஷயம் இல்லை.

அங்கன்வாடி அக்காவே சீக்கிரம் திறக்கலாமே?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். தவறான யோசனையும் இதுதான். 2018-ல் மத்திய அரசு அவருக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய்; மாநிலங்கள் மேலே சேர்த்துத் தருகின்றன. பாடம், சமையல், எடை பார்ப்பது, செயலியில் பதிவு என்று ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை.

இன்னொரு ஆளைப் போட்டால்? தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார நிபுணர்கள் 320 அங்கன்வாடிகளில் நடத்திய ஆய்வில், மையத்துக்கு ஒரு பகுதிநேர ஆசிரியரைக் கூடுதலாகச் சேர்த்ததும் பாட நேரம் இரட்டிப்பானது. கணக்கு, மொழி இரண்டிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். அதோடு ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது, ஏனென்றால் பழைய ஊழியருக்கு அந்த வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்தது.

காப்பகத்துக்கும் வழி இருக்கிறது. மத்திய அரசின் 'பால்னா' திட்டம் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகத்துக்கு நிதி தருகிறது. 6 மாதம் முதல் 6 வயது வரை சேர்க்கலாம். கர்நாடகம் 2023-ல் 'கூசின மனெ' என்ற பெயரில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்காகக் கிராமப் பஞ்சாயத்துகளில் காப்பகங்களை அறிவித்தது.

ஆனால் கட்டடம் கட்டி பத்து மணிக்குத் திறந்தால் நல்லவாட்டில் பயனில்லை. இந்த ஊருக்கு வேறொரு அனுபவம் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே தொடங்கிய தகவல் மையத்தை ஊர்க்காரர்களே நடத்தினார்கள். 2004 டிசம்பர் 26-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போன் எச்சரிக்கையை அந்த மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்துத்தான் சுனாமியிலிருந்து மக்கள் தப்பினார்கள். ஊருக்குள்ளேயே ஆள் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அது வேலை செய்தது.

காப்பகத்தின் நேரத்தையும் அப்படி ஊரே முடிவு செய்யட்டும். கடலோரத்தில் விடியற்காலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வேறு நேரம். பாகூர், வில்லியனூர் பக்கம் நடவு, களையெடுப்பு நாட்களில் மாலை வரை. இதற்குத் தனிச் சட்டம் எதுவும் வேண்டாம். கூடுதலாக ஓர் ஆளும், அவருக்கு மாதாமாதம் தவறாத சம்பளமும் போதும்.